'அர்ப்பணிப்பு' என்ற சொல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: இச்சொல்லின் பிறப்பு என்ன?

பதில்: 'செல்' என்று பொருள்படும் வடமொழி வேரொன்றின் பிறவினையிலிருந்து பிறந்தது 'அர்ப்பணம்'. செல்லச் செய்தல், பொருத்துதல், உரியவரிடம் சேர்த்தல் என அதன் பொருள் விரிந்தது. பகவத் கீதையின் நான்காம் அத்தியாயத்தில் அது வேள்வியோடு சேர்ந்து வருகிறது. தியானத்தைத் 'தியானி' என்று வினையாக்கியது போலவே தமிழ் இதனையும் 'அர்ப்பணி' என்றாக்கி, தன் 'ப்பு' விகுதியை ஒட்டிக்கொண்டது. கையிலுள்ளதைக் கொடுப்பதைச் சுட்டிய சொல், இன்று தன்னையே கொடுத்துவிட்ட மனநிலையைச் சுட்டுகிறது.

கேள்வி: தர்ப்பணமும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அது நிறைவுறச் செய்தல் என்னும் பொருளுடைய வேறு வேரிலிருந்து வந்தது. இதற்கு உறவு சமர்ப்பணம்.

கேள்வி: 'அற்பணிப்பு' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. வல்லின றகரம் இட்டால் 'அற்பம்' வந்து முன்னே நிற்கும். பாராட்டு மடலில் இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

கேள்வி: இதனுள் 'பணி' இருக்கிறதே, இது தமிழ்ச் சொல்தானே?

பதில்: அப்படிப் பிரித்தால் மிஞ்சும் 'அர்ப்' என்பதற்கு என்ன பொருள் சொல்வீர்கள்? மேலும், 'ரகார ழகாரம் குற்றொற்று ஆகா' என்கிறது தொல்காப்பியம். தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வருவது தமிழ்ச் சொல்லின் இயல்பன்று; அதனால்தான் முன்னோர் அர்ச்சனையை 'அருச்சனை' என்று எழுதினர்.

கேள்வி: மேற்கண்டதைக் கேட்டவன் நானே. நீர், வேர், அவர் ஆகியவற்றில் ரகர ஒற்று வருகிறதே?

பதில்: நல்ல மறுப்பு, ஆனால் நிற்காது. முதல் இரண்டில் ஒற்றுக்கு முன் இருப்பது நெடில். 'அவர்' என்பதில் இரண்டு குறில்கள் உள்ளன. தனிக்குறில் எங்கே? கடன்பெற்ற சொல் என்பதால் இதை விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பொய்யான பிறப்புச் சான்றிதழ் எழுதித் தர வேண்டாம் என்றே கூறுகிறேன்.

கேள்வி: 'ஈடுபாடு' என்றே சொல்லிவிடலாமே?

பதில்: எல்லா இடத்திலும் முடியாது. ஒருவருக்குப் பத்துத் துறைகளில் ஈடுபாடு இருக்கலாம்; பத்திலும் அர்ப்பணிப்பு என்றால் நம்புவது கடினம். 'பற்று' பிடித்துக்கொள்வது, அர்ப்பணிப்பு கொடுத்துவிடுவது; திசையே வேறு.

கேள்வி: அர்ப்பணிப்போடு உழைப்பது எப்படி?

பதில்: என் துறை சொல்லாராய்ச்சி மட்டுமே.

கேள்வி: 'அற்பணிப்பு' சரியா?

பதில்: மூன்றாம் பதிலைப் படியுங்கள்.