டாலர் சம்பளத்தை நம்பிச் சேமநிதியில் கைவைக்காதீர்கள்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்திருக்கிறான். கோலாலம்பூரில் இருக்கும் அவருடைய அண்ணன், பையனைத் தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் பட்டப்படிப்பில் சேர்க்கச் சொல்லி விடாமல் போன் செய்கிறாராம். படித்து முடித்தால் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம், டாலரில் சம்பளம் வரும் என்கிறாராம். "என் சேமநிதியை எடுத்துக் கட்டணம் கட்டலாமா, ஐயா?" என்று கேட்கிறார்.

கட்ட வேண்டாம், அம்மா. பிள்ளைகளின் படிப்புக்காகச் சேமநிதியிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது, நான் தரமாட்டேன். உங்கள் முதுமைக்கு அதைத் தவிர வேறு பணம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வது பொய்யல்ல. அப்படிச் சம்பாதிக்கிறவர்கள் பினாங்கிலும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையைச் சென்னையிலும் மணிலாவிலும் உட்கார்ந்து செய்யலாம். அமெரிக்கனுக்கு நம் கூலி மலிவு என்றால், நம்மைவிட மலிவானவர் அடுத்த வரிசையில் நிற்கிறார். புதியவர்களுக்கென்று இருந்த எளிய நிரலெழுதும் வேலையிலோ செயற்கை நுண்ணறிவும் நுழைந்துவிட்டது. அனுபவசாலிக்கு அந்தக் கதவு திறக்கும். கல்லூரியிலிருந்து நேரே வருகிறவனுக்கு, திரைக்கு அப்பால் இருந்துகொண்டு யார் பொறுமையாக வேலை கற்றுத்தரப் போகிறார்கள்?

டாலர் சம்பளத்துக்குச் சில பின்குறிப்புகளும் உண்டு. இங்கே அலுவலகம் இல்லாத நிறுவனம் பெரும்பாலும் ஒப்பந்தக்காரராகத்தான் எடுக்கும். சேமநிதிக்கு முதலாளியின் பங்கு வராது. வேலை விபத்துக்கு இழப்பீடு தரும் சொக்சோ காப்புறுதியையும் உங்கள் மகனேதான் கட்டிக்கொள்ள வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வேலை இங்கே நடப்பதால் வருமான வரியும் இங்கே உண்டு. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பது. அங்கே குளிர்காலம் என்றால் பத்து.

வேலை நாடு மாறும் கதையைப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் அமெரிக்கச் சிப் நிறுவனமான இன்டெல் இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்ததே அப்படித்தான். நம் அத்தைமார் தலைமுறைப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் இணைத்தார்கள். பிறகு அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கூடவே, இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்களின் தேவை வளர்ந்தது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு குறை சொல்லியிருக்கிறீர்கள்: "மின்விசிறி, வாஷிங் மெஷின் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறான்." எனக்கு முக்கியமான வரி அதுதான். மீண்டும் பூட்டினால் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடுகிறதென்றால், அவனுக்கேற்ற வேலை சிப் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன் வேலை.

சிப்பைச் சோதிக்கும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கை காற்றால் உறிஞ்சிச் சிப்பைத் தூக்கி, சாக்கெட்டில் வைத்து அழுத்தும். சூட்டிலும் குளிரிலும் சோதித்து, தேறியதையும் தேறாததையும் தனித்தனியாகப் பிரித்துப் போடும். ஒரு சென்சாரில் தூசி படிந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். தேறாதவை திடீரென்று கூடினால், குற்றம் சிப்பிலா, தேய்ந்துபோன சாக்கெட் ஊசியிலா, சோதனை நிரலிலா என்று துப்புத்துலக்க வேண்டும். இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் வெளிநாட்டிலிருந்து கேமரா வழியாகப் பார்த்து யோசனை சொல்லலாம். திருகாணியைக் கழற்ற ஆள் இங்கே நிற்க வேண்டும்.

இதற்கு வழி அரசாங்கப் பொலிடெக்னிக்கில் மெக்காட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) அல்லது மின்னியல் டிப்ளோமா. எஸ்பிஎம் போதும். கட்டணம் பருவத்துக்குச் சில நூறு ரிங்கிட்தான். ஒரு பருவம் தொழிற்பயிற்சியிலேயே போகும். மாநில அரசும் தொழிற்சாலைகளும் சேர்ந்து 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையமும் பாயான் லெப்பாசிலேயே இருக்கிறது. வேலையில் சேர்ந்தபின் பட்டம் வேண்டுமென்றால் பகுதிநேரமாகத் தன் சம்பளத்தில் படிக்கட்டும். நிரலெழுதவும் கற்றுக்கொண்டால் சோதனைப் பொறியாளர் பக்கம் நகரலாம். மாமா சொன்ன கணினியும் வீணாகாது.

இதில் கசப்பும் உண்டு. பல இடங்களில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், இரவு வேலை, தலை முதல் கால் வரை மூடிய உடை. தொடக்கச் சம்பளம் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குகிறவருக்கு மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் சட்டப்படி உண்டு. முதலாளியின் பங்கும் மாதந்தோறும் சேமநிதியில் ஏறும்.

பையனுக்கு உண்மையிலேயே நிரலெழுதுவதில் பித்து என்றால் நான் தடுக்கமாட்டேன். அப்போதும் அரசாங்கப் பொலிடெக்னிக்கில் தொடங்கட்டும், கடன் வாங்கியல்ல. அடுத்த முறை அண்ணன் கூப்பிடும்போது போனைப் பையனிடம் கொடுங்கள். தனக்கு எது பிடிக்கிறது என்று மாமாவிடம் அவனே சொல்லட்டும். நீங்கள் நடுவில் பேசாதீர்கள்.