உதவிக் காணொளிகள்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உதவி கொடுப்பதைப் படமெடுத்து யூடியூப்பில் போடும் உதவிக் காணொளிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எங்கள் வறுமையை விற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவருக்கு மலசலகூடத்தோடு சேர்த்து ஓர் அறை கட்டிக் கொடுத்தது அரசாங்கமும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை. யூடியூப் செய்கிற ஒரு பெடியன்தான். தொண்டு நிறுவனங்கள் மட்டும் எங்களைப் படமெடுக்கவில்லையா? முகத்தைக் காட்டாவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர் எதை நம்பிக் காசு அனுப்புவார்? எழுதுகிறவர்கள் எங்கள் சனத்துக்கு என்ன செய்தீர்கள்? இப்போது வேறொரு சனலில் இருந்து, மிகவும் கஷ்டப்பட்ட பத்துக் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, கூடாதா என்று நேராகச் சொல்லுங்கள்.

க., துணுக்காய்

அன்புள்ள க.,

அந்த அறையை நான் மறுக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், இரவில் யாரையும் எழுப்பாமல் தானே போய்வரக்கூடிய ஒரு மலசலகூடம் என் கட்டுரைகள் எல்லாவற்றையும் விடப் பயனுள்ளது. எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்டதிலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும், ஒரு பெண்ணின் அடுப்படிக்குள் கமரா போகலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

முதலில் பெடியன்களைப் பற்றி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டிய காலத்தில், கிளிநொச்சியில் இருந்தபடியே டொலரில் உழைக்கலாம் என்று தெரிந்த ஓர் இளைஞன் அந்தப் பக்கம் போனதற்காக அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் தொழிலின் விதிகள் அவன் எழுதியவை அல்ல. அவை கலிபோர்னியாவில் எழுதப்பட்டவை, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நம் ஊர்க் காணொளிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள முடியாது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற ஒரு சனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு. காணொளி 8 நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால் நடுவிலும் விளம்பரம் போடலாம். 2020 வரை இந்த எல்லை 10 நிமிடமாக இருந்தது. வருகிற விளம்பரப் பணத்தில் 55 வீதம் சனலுக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. எல்லாவற்றிலும் முக்கியமானது, விளம்பரத்தின் விலை பார்ப்பவர் எந்த நாட்டில் இருந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. முல்லைத்தீவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதை விட, கனடாவின் ஸ்காபரோவிலோ சுவிஸின் சூரிச்சிலோ ஒருவர் பார்த்தால் பல மடங்கு கிடைக்கும்.

இந்த விதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வன்னியில் எடுக்கப்பட வேண்டும், வெளிநாட்டில் பார்க்கப்பட வேண்டும், பார்ப்பவர் முதல் அரை நிமிடத்தில் எழுந்து போகக்கூடாது, எட்டு நிமிடம் தாண்டும் வரை இருக்க வேண்டும். இவ்வளவையும் நிறைவேற்றக்கூடிய சரக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை மாரியில்தான் திறக்கிறார்கள். மிச்ச நாட்களுக்கு அழுகைதான் இருக்கிறது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் வருகிற அழுகையை வெட்டி முதலில் வைக்கிறார்கள். பிறகு ட்ரோன் கமரா வயலையும் குளத்தையும் காட்டிவிட்டு ஒரு தகரக் கொட்டிலின் மேல் இறங்குகிறது. "இண்டைக்கு என்னம்மா சமைச்சனீங்கள்?" என்ற கேள்வியோடு அடுப்படிக்குள் நுழைந்து, பானை மூடியைத் தூக்கி உள்ளே கமராவைக் காட்டுகிறார்கள். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனவர் அந்த வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பதுண்டா? சொந்தச் சகோதரன்கூட அப்படிச் செய்யமாட்டான். அடுத்தது கணவர் எங்கே என்ற கேள்வி. அவர் 2009இல் போரின் முடிவில் காணாமல் போனவராக இருக்கலாம், குடித்துவிட்டு வேறு குடும்பத்தோடு இருப்பவராக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்ல வேண்டும். கடைசியில் ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஒவ்வொன்றாகக் கையில் எண்ணி வைக்கப்படுகின்றன. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள்.

காசு ஒரு தடவை கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டது. காணொளி முடியவில்லை. கிணறு வெட்டி, வீடு கட்டி, அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்து சாதாரண தரத்துக்கு வந்த பிறகும், அவள் பசியோடு நின்ற அந்தப் பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருக்கிறது, விளம்பரத்தோடு ஓடுகிறது, அவளுடைய வகுப்புப் பெடியன்களின் கைத்தொலைபேசிகளிலும் ஓடுகிறது. அந்த வருமானத்தில் சனலுக்குப் பங்கு உண்டு, நிறுவனத்துக்குப் பங்கு உண்டு, அவளுக்கு எதுவும் இல்லை. நான் வறுமையை விற்பது என்று எழுதியது இந்தக் கணக்கைத்தான். கொடுத்த கையில் ஈரம் இருந்ததா இல்லையா என்பதை நான் விசாரிக்கவில்லை.

தொண்டு நிறுவனங்கள் படமெடுக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நம் ஒழுங்கைகளில் வீடுகளை விடப் பெயர்ப்பலகைகள் கூடுதலாகத் தெரிந்த ஒரு காலம் இருந்தது. மலசலகூடக் கதவில்கூடச் சின்னம் ஒட்டியிருந்தார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் சம்மதப் படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்கியதையும் நான் அறிவேன். ஆனால் அந்தப் படங்கள் எங்கோ ஓர் ஆண்டறிக்கையின் உள்பக்கத்தில் போய் முடிந்தன. அந்த அறிக்கையை அடுத்த வீட்டுக்காரர் ஒருநாளும் பார்த்ததில்லை. யூடியூப்பில் வருவதை அடுத்த வீட்டுக்காரர்தான் முதலில் பார்க்கிறார்.

படமே எடுக்கக்கூடாது என்று வன்னியில் இருந்துகொண்டு எவரும் சொல்ல முடியாது. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐக்கிய நாடுகள் சபையும் சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று சனம் அவர்களுடைய வாசலில் நின்று மன்றாடியது. அதற்குப் பின் வந்த போரின் கடைசி மாதங்களில் உள்ளே நடந்ததற்குச் சாட்சியாக வெளியே வந்தவற்றில், உள்ளேயே நின்றவர்கள் எடுத்த படங்களும் உண்டு. அவை எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் கையிலும் படம்தான் இருந்தது. மகனின் படத்தை எப்போது உயர்த்திப் பிடிப்பது, யாருக்குக் காட்டுவது, எப்போது மடியில் கவிழ்த்து வைப்பது என்பதை அந்தத் தாய் தீர்மானிக்கிறாள். அதே தாய் உதவிக் காணொளியில் வரும்போது, எந்தக் கேள்விக்கு அழவேண்டும் என்பதை எதிரே நிற்பவர் தீர்மானிக்கிறார்.

முகத்தைக் காட்டாவிட்டால் எதை நம்பிக் காசு அனுப்புவார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி. வெளிநாட்டில் இருப்பவரின் சந்தேகம் நியாயமானது. பல தடவை, பல பெயர்களில் அவரிடம் காசு சேர்க்கப்பட்டிருக்கிறது, கணக்குக் காட்டப்படாமலும் இருந்திருக்கிறது. பனியிலும் குளிரிலும் இரண்டு வேலை செய்து உழைத்த காசு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் காசு போய்ச் சேர்ந்தது என்பதற்கு அழுகை சாட்சியா? கிணறு வெட்டியதற்குக் கிணற்றின் படம் போதும். கல்லும் சீமெந்தும் வாங்கியதற்குக் கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது. பெற்றவர் இன்னார்தான் என்பதற்குக் கிராம அலுவலரின் கடிதமும், உங்கள் சங்கத்தின் பதிவேட்டில் அவர் வைத்த கையெழுத்தும் இருக்கின்றன. இவற்றைப் பணம் கொடுத்தவருக்கு நேரடியாக அனுப்பலாம். காசு கொடுத்தவர் ஒருவர், பார்த்தவர் ஒரு லட்சம் பேர் என்றால், மிச்சப் பேருக்கு எதை நிரூபித்தோம் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்றை நீங்கள் செயலாளராக இருப்பதால் என்னை விட நன்றாக அறிவீர்கள். கமரா எல்லா வறுமையையும் எடுப்பதில்லை. தன் கால் போன கதையைப் பிறருக்குச் சொல்ல விரும்பாத மனிதர், வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டுத் தம்பி வேறு கதை கதைப்போம் என்று சொல்லிவிடுவார். அவருக்கு உதவி கிடைக்காது. நுண்கடனுக்குக் கிழமைதோறும் கட்டிக்கட்டி ஓய்ந்த பெண்ணின் வீடு பார்வைக்குச் சீமெந்து வீடாக இருக்கும், வாசலில் ரோசாச் செடிகூட நிற்கும். அங்கே கமரா போகாது. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் ஏன் பெயர் வரவில்லை என்று பிரதேச செயலகத்துக்கு நடந்து நடந்து திரும்பியவரின் கதையில் காட்டுவதற்கு ஒரு கோப்பு மட்டும்தான் இருக்கும்.

காரணங்களும் அப்படியே விடுபட்டுப் போகின்றன. ஏனம்மா கொட்டிலில் இருக்கிறீர்கள் என்று கேட்டால், எங்கள் காணியை விடவில்லை, வனப்பகுதி என்று எல்லைக்கல் போட்டுவிட்டார்கள் என்பது பதிலாக இருக்கலாம். அந்தப் பதிலை வைத்துக் காணொளி செய்தால் கேள்வி கேட்க ஆட்கள் வருவார்கள், பார்ப்பவரும் சலித்துப் போவார், ஆகவே அதை வெட்டிவிடுவதில்தான் எல்லோருக்கும் வசதி. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி கடைசியில் தொடங்கி, விமானப்படை வைத்திருந்த தங்கள் காணியின் வாசலில் இரவும் பகலும் குந்தியிருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி காணி விடப்பட்டது. அவர்களை அப்போது ஒவ்வொரு குடும்பமாகப் பிரித்து, ஆளுக்கோர் உலர் உணவுப் பொதி கொடுத்துப் படமெடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சேர்ந்து கேட்டால் அது உரிமை. தனியாக நின்று வாங்கும்போது கைநீட்டுவதாக ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வன்னி, பத்து வருடமாகக் கைநீட்டிக்கொண்டு நிற்கும் வன்னியாக இருப்பதில் இந்தக் காணொளிகளுக்குப் பெரிய பங்குண்டு. இங்கே ஒரு பெண் கச்சான் வறுத்து விற்று மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், அதைப் பார்க்க ஆள் வராது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைப் பேசுகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டது. நாம் அதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

இனி, கொடுக்கலாமா கூடாதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டியலை அப்படியே கொடுக்காதீர்கள். முதலில் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். பிறகு அந்தப் பத்து வீட்டுக்கும் கமரா இல்லாமல் நீங்களே போய், படம் எடுக்க விட்டால்தான் உதவி என்று அவர்கள் நினைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பலர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், அதனால்தான் சம்மதிப்பார்கள். வேண்டாம் என்று சொல்பவரின் பெயர் பட்டியலில் பின்னுக்குப் போகாது என்பதை அவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள். சனல்காரரிடம் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்: பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முகமும் பள்ளிக்கூடப் பெயரும் வரக்கூடாது, தொலைபேசி இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் திரையில் ஓடக்கூடாது (தனியாக இருக்கும் பெண்களுக்கு அதன் பிறகு இரவில் எப்படியான அழைப்புகள் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல), பெற்றவர் எப்போது கேட்டாலும், காரணம் கேட்காமல் காணொளியை எடுத்துவிட வேண்டும், அந்தக் காணொளிக்கு விளம்பரத்தில் வந்த தொகை எவ்வளவு என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத்துக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு யூடியூப்பின் உள்பக்கத்தில் ஒவ்வொரு காணொளிக்கும் தனித்தனியாகவே இருக்கிறது, ஆகவே முடியாது என்று அவர் சொல்லமாட்டார். விரும்பவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் எதற்காக வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நல்ல மனத்தோடு செய்பவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரில் அறை கட்டிக் கொடுத்த பெடியனிடமே முதலில் கேட்டுப் பாருங்களேன். அவரும் மறுத்து, மற்றச் சனலும் மறுத்தால், அந்தப் பத்துக் குடும்பங்களின் தேவையையும் பெயர் இல்லாமல் எழுதி, வேலைக்கான மதிப்பீட்டோடும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடும் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன். காசு என்னிடம் வரவேண்டாம். உங்கள் சங்கத்தின் கணக்குக்கே போகட்டும், தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து வைத்து எடுக்கட்டும். யூடியூப் அளவுக்கு வேகமாக வராது. மாரிக்கு முன் கூரை போடவேண்டிய வீடுகள் எவையென்று தனியாகக் குறித்து அனுப்புங்கள், அவற்றை முதலில் போடுவோம்.