சத்தமில்லாத பழைய கார்கள்: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

கேள்வி: அப்பா 2002-இல் வாங்கிய லேன்சர் பெட்ரோல் கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. தம்பி போன வருடம் ஒரு புதுச் சின்னக் கார் வாங்கினான். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும்போது லேன்சரில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போகலாம். தம்பியின் காரில் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது. "அப்பா வண்டி என்பதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்கிறான் அவன். உண்மையா ஐயா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தோற்றம் இல்லை, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. காரணங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். அடுத்த முறை உங்கள் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

முதலில் டிக்கி. உங்கள் லேன்சர் செடான் வகை. செடான் காரில் டிக்கி தனி அறை. பின்சக்கரத்தின் இரைச்சல் அங்கே எழும்பி, பின்சீட்டு முதுகிலும் அதன் மேலுள்ள பலகையிலும் மோதி, பாதி அங்கேயே அடங்கிவிடும். டிக்கி தனியாக இல்லாத சின்னக் காரில் பின்சக்கரமும் நீங்களும் ஒரே அறையில் இருக்கிறீர்கள். எவ்வளவு நல்ல கம்பெனி செய்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது டயர். உங்கள் தம்பியின் கார் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது பல கார்களில் 195/55 ஆர் 16 என்பது போல வருகிறது. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், சுமார் 107 மில்லிமீட்டர். கடைசி எண் வீலின் விட்டம், அங்குலத்தில். அந்தக் காலத்துச் செடான்களில் 175/70 ஆர் 13 சாதாரணமாகக் கண்ட அளவு. கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 122 மில்லிமீட்டருக்கு மேல் வரும், அகலமும் குறைவு. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியின் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். அகலம் குறைந்தால் தார்ச்சாலையில் உராயும் இரைச்சலும் குறையும். பெரிய அலாய் வீல் பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்த அழகுக்கு இடுப்பும் காதும் விலை கொடுக்கின்றன.

மூன்றாவது, நான் அந்த வண்டியை விரும்புவதற்கு முக்கியக் காரணம், பின்பக்க சஸ்பென்ஷன். லேன்சரில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக, பல இரும்புக் கைகளால் தாங்கப்பட்டு இயங்கும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்கு அந்தச் செய்தி போகாது. இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்துவிடுகின்றன. செலவும் குறையும், இடமும் மிச்சமாகும். சமமான சாலையில் இது பெரிதாகத் தெரியாது. நம் டெல்டாப் பக்கத்துச் சாலை வேறு. அடியில் களிமண். ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊறி உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். புதிதாகத் தார் போட்டாலும் சில வருடத்தில் அலை அலையாகிவிடும். அதில் இந்த வண்டியின் அருமை தெரியும். 1998-இல் திருவள்ளூர் ஆலையில் இருந்து வெளிவரத் தொடங்கிய மாடல் அது, நம் மாநிலத்தில் செய்தது.

இதோடு நாலு சிலிண்டர் இன்ஜின். இன்று பல சின்னக் கார்களில் மூன்று சிலிண்டர்தான் வருகிறது, அதற்கு இயல்பிலேயே ஓர் ஆட்டம் உண்டு. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் வைத்து அடக்குகிறார்கள், முழுவதும் அடங்குவதில்லை.

இதை எல்லாம் வைத்து நான் சொல்ல வருவது ஒன்று. "பழைய வண்டி, கெட்டித் தகடு, அதனால் சத்தமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். தகட்டுக்கும் அதற்கும் அவ்வளவு தொடர்பில்லை. வெறும் தகடு பறை மாதிரி அதிரும். அதை அடக்குவது உள்பக்கம் ஒட்டிய தார்ப்பட்டை, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள ஃபெல்ட், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர் புஷ், இன்ஜின் மவுண்டிங், சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையம். எல்லாமே கெட்டுப்போகிற பொருள். எல்லாமே மாற்றக்கூடிய பொருள். இருபது வருடத்து ரப்பரை மாற்றாமல் விட்டால் எந்த நல்ல வண்டியும் தகர டப்பாதான். உங்கள் அப்பா அவற்றைக் கவனித்து மாற்றியிருக்கிறார், இல்லாவிட்டால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய காரின் கதவைச் சாத்தினால் 'தொப்' என்று கனமான சத்தம் வரும். புதுக் கார்களில் அந்தக் கனம் இல்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக இதுதான் பாதுகாப்பு என்கிறார் மாமனார். நம்பலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: இதில் உங்கள் மாமனாரோடு நான் சேர முடியாது அம்மா. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் கதவைத்தான் சாத்திப் பார்ப்பேன். ஆனால் அது பூட்டும் பீடிங்கும் நன்றாக இருக்கின்றன, கீல் தொங்கவில்லை என்பதைத்தான் சொல்லும். மோதினால் என்ன ஆகும் என்று சொல்லாது.

மோதும்போது முன்பகுதி நசுங்கி அடியின் வேகத்தைத் தின்ன வேண்டும், ஆள் உட்காரும் கூண்டு நசுங்கக் கூடாது. புதுக் கார்களில் கூண்டுக்கு உறுதி கூடிய எஃகு போடுகிறார்கள். லேசாக மோதினாலே பம்பர் ஒடிகிறது என்று நாம் குறை சொல்கிறோமே, அதை வைத்து உள்ளே இருக்கும் கூண்டை எடைபோட முடியாது. ஏர்பேக் ஓட்டுநருக்குக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், பக்கத்து இருக்கைக்கு 2022 தொடக்கத்தில் இருந்து. சக்கரம் இறுகி வழுக்காமல் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் 2019 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தைய குடும்பக் கார்களில் விலை கூடிய மாடலில் இருந்தால் உண்டு.

ஆகவே பழைய காரைக் காதலியுங்கள், ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் ஓட்டுங்கள். விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் இராத்திரிப் பயணம், பிள்ளைகளோடு என்றால் ஏர்பேக் உள்ள வண்டியை எடுங்கள். எந்த வண்டியானாலும் பின்சீட்டிலும் பெல்ட் போட வையுங்கள். பழைய காரில் பின்சீட்டு பெல்ட் குஷனுக்கு அடியில் போய்ச் சிக்கியிருக்கும், தேடி எடுங்கள்.

கேள்வி: தை மாதம் அறுவடை முடிந்து ஊரில் இருந்து திரும்பியதும், எங்கள் அக்சென்ட் காரில் இன்ஜின் சத்தம் உள்ளே அதிகமாகக் கேட்கிறது. மெக்கானிக் இன்ஜினில் குறை இல்லை என்கிறார்.
— வாசகர், வலங்கைமான்

பதில்: பானெட்டைத் திறந்து, அதன் உள்பக்கம் இருக்கும் மெத்தை போன்ற விரிப்பைப் பாருங்கள். பொத்தல் பொத்தலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அறுத்த வயலில் எலிக்கு வேலை இல்லை, வீட்டுக்கு வந்துவிடும். நிறுத்திய காரின் இன்ஜின் அறை கதகதப்பு, மேலே இலவசமாகப் பஞ்சு. அதைக் கிழித்துக் கூடு கட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இரும்புச் சுவரில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட்டையும் விடாது. அந்தச் சுவரில் ஒயர் போகும் ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி உண்டு, அதில் ஒன்று கடிபட்டிருந்தாலும் இன்ஜின் சத்தம் நேராக உள்ளே வரும். ஒயரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை ஓரிடம் விடாமல் தடவிப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. மாசி, பங்குனியில் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பியிருப்பார்கள். வேறு வழியில்லாமல் அதன்மேல் ஓட்டினால், வீடு வந்ததும் குனிந்து பாருங்கள். கொடி சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் (டிரைவ் ஷாஃப்ட்) சுற்றிக்கொண்டு, அதன் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், சில வாரத்தில் திருப்பும்போதெல்லாம் 'கட கட' என்று கேட்க ஆரம்பிக்கும். உறையாக மாற்றினால் சின்னச் செலவு, ஜாயிண்ட் போனால் பெரிய செலவு. காய்ந்த கொடி சூடான சைலன்சரில் ஒட்டிக்கொண்டு தீப்பிடிக்கவும் கூடும், அதனால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் அம்பாசடர் கொட்டகையில் நிற்கிறது. அதன் பின்சீட்டு சுகம் எந்தக் காரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஏன்?
— வாசகர், பாபநாசம்

பதில்: நீங்கள் அதில் காலை மடக்காமல் நாற்காலியில் உட்காருவது போல உட்காருகிறீர்கள், அதனால்தான். சீட்டு தரையிலிருந்து உயரம், கூரையும் உயரம், தொடைக்கு முழுத் தாங்கல். மூட்டு வலிக்காரர்கள் இறங்கும்போது அந்த உயரத்தின் அருமை தெரியும். வேட்டியோடும் பட்டுச் சேலையோடும் ஏறி இறங்க அதைப் போல ஒரு வண்டி வரவில்லை. நம் பக்கத்தில் எத்தனை மாப்பிள்ளை அழைப்பு அதில் நடந்திருக்கிறது!

அதற்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் உண்டு என்று பட்டறைக்கு வருபவர்களே சொல்வார்கள். கிடையாது. பாடியே சட்டமாக இருக்கும் அமைப்புதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து வங்காளத்தில் உத்தரபாராவில் செய்தது. 2014 மே மாதத்தோடு அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. சஸ்பென்ஷன் முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங்.

சத்தம் என்று பார்த்தால் அம்பாசடரை அமைதியான வண்டி என்று நான் சொல்லமாட்டேன். டீசல் வண்டியில் பேச்சே கேட்காது. பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் இன்ஜின் போட்டதுதான் அந்த வரிசையில் நயமானது. உங்களுடையது எதுவானாலும், பின்பக்கப் பட்டைகளைக் கழற்றி, துருவைத் தேய்த்து, இடையில் கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிளின் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். ஓடும்போது கேட்கும் கிறீச் சத்தத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான். கொட்டகையில் நிற்க விட்டதில் டயர் பழையதாகியிருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 1816 என்றால் 2016-ஆம் ஆண்டின் 18-ஆம் வாரம் செய்தது. தேயாமல் பூ (மேல்பள்ளங்கள்) இருந்தாலும் அப்படிப்பட்ட பழைய டயரில் சாலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் ஒருவரிடம் 2004 கரோலா விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்த்தேன், பட்டு மாதிரிப் போகிறது. வாங்கலாமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: கரோலா என்றதும் எனக்கும் ஆசைதான். ஆனாலும் கடற்கரை வண்டி என்பதால் நிதானம் வேண்டும். உப்புக்காற்று மேலே தெரியாமல் கீழிருந்து தின்னும்.

பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் கதவு உள்ளிருந்து அழுகும், விரலால் தடவினாலே தெரியும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கர வளைவிலும் கதவுப் படியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பட்டிப் பூச்சுதான் இருக்கிறது. முன்னால் ஷாக் அப்சார்பரின் தலை பூட்டியிருக்கும் இடத்தில் துரு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அது டிங்கரிங்கில் தீரும் விஷயம் இல்லை. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அப்படியே.

ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். 2004 வண்டிக்கு 15 வருடம் 2019-இல் முடிந்தது. அப்போது ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அதுவும் 2024-இல் முடிந்திருக்கும். மறுபடி புதுப்பித்திருக்கிறாரா, பசுமை வரி கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் அவரையே செய்யச் சொல்லி, அப்புறம் பணம் கொடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். அந்த விலைக்கு அந்த அமைதியைத் தரும் புது வண்டி இன்று கிடையாது.

கேள்வி: பழைய எஸ்டீம் வைத்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பம்பில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால். உங்கள் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து வெடிக்க வைக்கும், காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோலைவிட அதில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். டாங்கில் இருந்து இன்ஜின் வரை ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். கிளிப்புகளையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்ரோல் ஃபில்டரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டாங்கில் தேக்கி வைக்க வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சத்தம் குறைய கதவுக்குள் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஒட்டலாம், பயன் உண்டு. ஆனால் முதல் செலவு அதுவாக வேண்டாம். முதலில் நான்கு கதவுக்கும் புது பீடிங், அப்புறம் வீல் பேரிங், இன்ஜின் மவுண்டிங். இவ்வளவும் செய்து ஒரு முறை தஞ்சாவூர் போய்வந்து, இன்னும் இரைச்சல் இருந்தால் ஷீட் வாங்குங்கள். ஒட்டும்போது கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.