பழைய ரூட்டரை விற்கும் முன்: ரீசெட் பட்டன் மட்டும் போதுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இன்டர்நெட் கம்பெனியை மாற்றியபோது புது ரூட்டர் வாங்கினேன். கடையில் வாங்கிய பழைய ரூட்டர், ஒரு வைஃபை கேமரா, குடும்பப் படங்களைப் போட்டு வைத்திருந்த நெட்வொர்க் டிரைவ் மூன்றும் பரணில் கிடக்கின்றன. ஓ.எல்.எக்ஸில் போட்டு விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன். ரீசெட் பட்டனை அழுத்திக் கொடுத்தால் போதுமா? புது ரூட்டரிலும் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே வைத்துவிட்டேன். டிவி, ஏசி எல்லாவற்றையும் மறுபடி இணைக்கிற வேலை மிச்சம் பாருங்கள்."

கடைசியாகச் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். பழைய பூட்டைச் சாவியோடு விற்கப் பார்க்கிறீர்கள், புதுப் பூட்டும் அதே சாவிக்குத் திறக்கும்படி செய்து வைத்திருக்கிறீர்கள். 'வாங்குகிறவர் எங்கேயோ இருப்பவர், என் வைஃபை அவருக்கு எட்டவா போகிறது' என்று தோன்றலாம். ஆனால் ஓ.எல்.எக்ஸில் வாங்குபவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். பொருளை எடுத்துப்போக உங்கள் வீட்டு வாசலுக்கே வருவார். எனவே முதல் வேலை பழைய ரூட்டரில் இல்லை, புது ரூட்டரில். அதன் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் அட்மின் பக்கத்துக்கும் பழைய பாஸ்வேர்டே என்றால் அதையும். டிவியையும் ஏசியையும் மறுபடி இணைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும், போகட்டும். அதன்பிறகு பழைய ரூட்டருக்குள் எது மிச்சமிருந்தாலும் யாருக்கும் பயன்படாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒழுங்காக நடத்தப்படும் இணையதளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருக்காது, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு மதிப்பைத்தான் வைத்திருக்கும். ரூட்டருக்கு அந்த வசதி இல்லை. இன்டர்நெட் கம்பெனியின் சர்வரிடம் உங்கள் சார்பில் அதுவே யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே போக வேண்டும். அதனால் திரும்பப் படிக்கக்கூடிய வடிவில்தான் அதை வைத்திருக்க முடியும். பல வீட்டு ரூட்டர்களில் அது இருக்கும் இடம், போர்டில் எட்டுக் கால்களோடு ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப். அதைப் படிக்கும் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ரீசெட் செய்யும்போது பல கருவிகள் 'இந்த இடம் இனி காலி' என்று குறித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகின்றன. பழைய எழுத்துகள் அடியில் அப்படியே கிடக்கும்.

2021இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செகண்ட் ஹேண்டில் 86 அமேசான் எக்கோ டாட் கருவிகளை (பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர்கள்) வாங்கிப் பார்த்தார்கள். 61 சதவீதக் கருவிகளில் ரீசெட்டே செய்யப்படவில்லை. முறையாக ரீசெட் செய்தாலும் வைஃபை பாஸ்வேர்டு போன்றவற்றை சிப்பிலிருந்து மீட்க முடியும் என்றும் காட்டினார்கள். 2023இல் கேனன் நிறுவனமே, தன் வைஃபை பிரின்டர்களில் ஏறக்குறைய 200 மாடல்களில் வழக்கமான ரீசெட்டுக்குப் பிறகும் வைஃபை விவரம் அழியாமல் இருக்கலாம் என்று அறிவித்தது. அது சொன்ன தீர்வு: ஒருமுறை ரீசெட் செய்யுங்கள், வைஃபையை ஆன் செய்யுங்கள், மறுபடியும் ரீசெட் செய்யுங்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாய் ரூட்டரைப் பிரித்து சிப்பைப் படிக்க உட்காருபவர் அபூர்வம். ரீசெட்டே செய்யாமல் கொடுப்பதும், செய்ததாக நினைத்துக்கொண்டு கொடுப்பதும்தான் அன்றாடம் நடக்கிற தவறு. இதில் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. கம்ப்யூட்டர் பாதுகாப்பு மென்பொருள் செய்யும் ஈசெட் நிறுவனம் பழைய அலுவலக ரூட்டர்கள் 18ஐ வாங்கி, 2023இல் முடிவை வெளியிட்டது. ஆராய முடிந்த 16இல் 9 ரூட்டர்களுக்குள் முந்தைய நிறுவனத்தின் விவரங்கள் முழுசாக இருந்தன.

சரி, ரூட்டருக்கு வருவோம். வேலையின் வரிசை முக்கியம். ரூட்டரை மொபைல் ஆப் வழியாக நிர்வகித்திருந்தால், அது இன்டர்நெட்டில் இருக்கும்போதே ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயக்கும் மெஷ் வகைக் கருவிகளில் இது ரொம்பவே அவசியம். நீக்காமல் விற்றால், வாங்கியவரால் தன் பெயரில் பதிவு செய்ய முடியாமல் போகலாம், நாலு நாள் கழித்து உங்களுக்குத்தான் போன் வரும். நீக்கிய பிறகு இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டி.ஆர்-069 என்ற முறையில் இன்டர்நெட் கம்பெனி தொலைவிலிருந்தே சில ரூட்டர்களின் அமைப்புகளை ஏற்றும். கேபிள் மாட்டியிருந்தால், நீங்கள் அழித்ததை அது மறுபடி எழுதிவிடக்கூடும்.

பவர் கொடுத்து, ரூட்டர் முழுதாக உயிர்பெற இரண்டு நிமிடம் பொறுங்கள். பின்பக்கத்துத் துளையில் சிம் ஊசியை விட்டு 10 விநாடி, விளக்குகள் மாறும்வரை அழுத்துங்கள். சில மாடல்களில் ரீசெட்டும் டபிள்யூ.பி.எஸ்.ஸும் (பாஸ்வேர்டு தட்டாமலே கருவிகளை வைஃபையில் இணைக்கும் வசதி) ஒரே பட்டன். சும்மா தொட்டுவிட்டால் டபிள்யூ.பி.எஸ். ஓடும், எதுவும் அழியாது. விளக்கு சிமிட்டியதே என்று திருப்தியாகிவிடுவோம். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். எனவே கண்ணால் பாருங்கள்: வைஃபை பட்டியலில் ஸ்டிக்கரில் அச்சிட்ட பெயர் வர வேண்டும், உங்கள் பழைய பெயர் வரக் கூடாது. அட்மின் பக்கத்தைத் திறந்தால் புது ரூட்டர் மாதிரி ஆரம்பத்திலிருந்து கேள்வி கேட்க வேண்டும், இன்டர்நெட் யூசர் பெயர் இருந்த இடம் காலியாக இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டதே என்ற கவலை வேண்டாம், இந்த பட்டனுக்கு அது தேவையில்லை.

அப்புறம், கேனன் சொன்னதைப் போன்ற ஒரு தந்திரம். ஏதாவது பொய்ப் பெயர், பொய் பாஸ்வேர்டு, பொய் யூசர் விவரம் கொடுத்து ரூட்டரை ஒருமுறை அமைத்துவிட்டு மறுபடி ரீசெட் செய்யுங்கள். பழைய எழுத்துகளின் மேல் புதியவை விழுகிற வாய்ப்பு கூடும். நூறு சதவீத உத்தரவாதம் இல்லை, ஆனால் ஐந்து நிமிட வேலைதானே.

ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே இருந்து, அதையே புது ரூட்டரிலும் போட்டிருந்தால் எந்த ரீசெட்டும் உதவாது. அது அடிப்பக்கத்தில் அச்சாகியே இருக்கிறது. விற்பனைக்குப் படம் எடுக்கும்போதும் அந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள். மார்க்கரில் பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்தால் துடைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நான் அப்படி எழுதிய ரூட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு: இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டி பெரும்பாலும் உங்கள் சொத்தே அல்ல. அதைத் திருப்பிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். 4ஜி ஹாட்ஸ்பாட் என்றால் சிம்மை எடுக்க மறக்க வேண்டாம்.

கேமராவில் மெமரி கார்டை உருவிவிடுங்கள், ஆப்பில் கணக்கிலிருந்து நீக்குங்கள், அதன்பின் ரீசெட். அந்தக் கேமராவை வேறு ஸ்மார்ட் ஹோம் ஆப்புடன் இணைத்திருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். 2019இல் கூகுளின் நெஸ்ட் கேமராவை ரீசெட் செய்து விற்றவர்கள், விங்க் என்ற வேறொரு கருவியின் கணக்கு வழியாகப் புது உரிமையாளரின் வீட்டுப் படங்களைப் பார்க்க முடிந்தது. கூகுள் பிறகு அதைச் சரிசெய்தது. விற்றவர் வாங்கியவரின் வீட்டைப் பார்க்கிற கதை அது. நாளை நீங்கள் பழைய கேமரா வாங்கினாலும் இது நினைவிருக்கட்டும்.

நெட்வொர்க் டிரைவ் விஷயம் முற்றிலும் வேறு. அதன் ரீசெட் துளை உங்கள் படங்களைத் தொடவே தொடாது. உதாரணமாக, சினாலஜி என்ற நிறுவனத்தின் நெட்வொர்க் டிரைவ் பெட்டிகளில் அதை நான்கு விநாடி அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும்தான் பழைய நிலைக்குப் போகும், டிஸ்க்கில் உள்ளது உள்ளபடியே இருக்கும். என்னைக் கேட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்பேன். டிஸ்க்கோடுதான் விற்க வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் மாட்டி டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு ஒருமுறை எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழங்காலத்துப் பேச்சு. 4 டிபி டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் மேலே எழுதுவது போதாது, தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள 'செக்யூர் இரேஸ்' வழியாக அழியுங்கள். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் பெட்டி என்றால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எல்லாப் படங்களும் முழுசாக இருக்கும், எனவே இரண்டையும் அழிக்க வேண்டும்.

மூன்றில் ஏதாவது ஒன்று உயிரே பெறவில்லை என்றால் அதை விற்காதீர்கள், ரீசெட் செய்ய வழியில்லை. ரூட்டராக இருந்தால் மூடியைத் திறந்து அந்த எட்டுக் கால் சிப்பைக் குறட்டால் நொறுக்கிவிட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள். பேட்டரி வைத்த ஹாட்ஸ்பாட்டில் மட்டும் சுத்தியலோ குறடோ வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.