ஆஸ்பத்திரி அரபி

கேள்வி: மருத்துவமனை வேலைக்காக அரபி படிக்கிறேன். நோய்ப் பெயர்களை மனப்பாடம் செய்தாலும் எதுவும் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். நோயாளி நோயின் பெயரையா சொல்கிறார்? எங்கே வலிக்கிறது என்றுதானே சொல்வார். அதனால் 'இந்தீ அலம் ஃபீ' ('எனக்கு இன்ன இடத்தில் வலி') என்ற தொடரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஸத்ரீ, பத்னீ, ழஹ்ரீ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். நெஞ்சு, வயிறு, முதுகு மூன்றுக்கும் வாக்கியம் வந்துவிடும், கடைசியில் நிற்கும் 'ஈ'தான் 'என்னுடைய'. அப்புறம் மருந்துச் சீட்டு. சாப்பாட்டுக்கு முன் 'கப்லல் அக்ல்', பின் 'பஅதல் அக்ல்'. இரண்டும் மாறினால் வம்புதான். ஒவ்வாமைக்கு 'ஹஸாஸிய்யா', இதை முதல் நாளே படித்துவிடுங்கள். பேச்சு வழக்கு நாட்டுக்கு நாடு மாறும்: வலிக்கு இன்னொரு சொல்லான 'வஜஅ' கெய்ரோக்காரர் வாயில் 'வகஅ' ஆகிவிடும்.