கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஆர்’ என்று வந்தால் பழைய மாத்திரை வேண்டாம்

வணக்கம் சகோதரி. தாராவியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு நேரே ‘ஆர்’ (R), ஆனாலும் மருந்துக்கடைக்காரர் அதையே மறுபடி தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

‘ஆர்’ என்றால் அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. ‘எஸ்’ (S) என்றால் அடங்கும். அந்தத் தாளையும் இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு சயான் மருத்துவமனைக்குப் போங்கள். ‘எஸ்’ வரிசையில் எது பொருந்தும் என்று டாக்டர் சொல்லட்டும். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, விலாவில் வலியோ இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா, எரிச்சல் குறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். எல்லா அட்டையிலும் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. அடுத்த முறை மாத்திரை எதுவும் கேட்கவில்லை, ஊசிக்காக வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2019இல் மட்டும் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

அப்புறம், டாக்டர் என்ன எழுதினார் என்று இங்கே சொல்லுங்கள் சகோதரி.