மைனிங் படித்தால் நெய்வேலியிலேயே வேலையா? குறிஞ்சிப்பாடித் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். மகள் கிண்டி பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் எடுக்க ஆசைப்படுகிறாள், நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது, படித்து முடித்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் ஆசையில் தவறில்லை. உங்கள் கணக்கில்தான் சிக்கல்.

நெய்வேலியை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான என்எல்சி சுரங்கம் மட்டும் நடத்துவதில்லை. தோண்டுகிற கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல்மின் நிலையங்களும் அதனுடையவை. அதனால் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு அறிவிப்பு வரும்போது மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும்தான் பெரும்பங்கு. மைனிங்குக்கு இடம் குறைவு, சில அறிவிப்புகளில் அதுவும் இருக்காது. ஆள் எடுப்பதும் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து, நாடு முழுவதும் போட்டியிட்டு. குறிஞ்சிப்பாடிக்காரர் என்பதற்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. நிலம் கொடுத்த குடும்பம் என்றால் அது வேறு கோப்பு. அதற்கான சான்றையும் விதிகளையும் தனியாகப் பாருங்கள், டிகிரியோடு கலக்க வேண்டாம். தேர்வானாலும் ஒடிசாவில் தாலபிரா நிலக்கரிச் சுரங்கத்துக்கோ ராஜஸ்தானில் பர்சிங்சருக்கோ அனுப்பலாம். அவையும் என்எல்சிதான்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு? என்னைக் கேட்டால், டிகிரிக்காக இல்லை, அதன் பிறகு வருகிற மேலாளர் சான்றுக்காக. சுரங்கத்துக்கு மேலாளராக யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட முடியாது. தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், எல்லோரும் சொல்கிற டிஜிஎம்எஸ், தேர்வு வைத்துத் தருகிற முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்புச் சான்று கையில் இருக்க வேண்டும். சான்று வைத்திருப்பவருக்குத் தட்டுப்பாடு, வெறும் டிகிரி வைத்திருப்பவருக்கு இல்லை. கல்லூரி விளம்பரங்களில் இந்த விஷயத்தைப் பார்க்கவே முடியாது.

முதல் வகுப்புத் தேர்வில் ஐந்து பாடங்கள்: மேலாண்மையோடு சட்டமும் பாதுகாப்பும், சுரங்கம் தோண்டும் முறைகள், காற்றோட்டமும் வெடிப்பு, தீ, வெள்ள அபாயங்களும், இயந்திரங்கள், நில அளவை. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற சுரங்கப் பொறியியல் டிகிரி இருந்தால் சட்டப் பாடம் ஒன்றை எழுதினால் போதும், மற்ற நான்குக்கும் விலக்கு உண்டு. நான்கு வருடப் படிப்பின் உண்மையான லாபம் இதுதான். ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘ப்ளேஸ்மென்ட் எத்தனை?’ என்பதல்ல. ‘இந்தப் படிப்பு மேலாளர் தேர்வு விலக்குக்கு ஒப்புதல் பெற்றதா, ஆணையைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ தருகிற அங்கீகாரம் வேறு, இது வேறு. புதிதாகத் தொடங்கிய தனியார் கல்லூரி என்றால் கட்டாயம் கேளுங்கள்.

அனுபவக் கணக்கிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சுரங்கத்துக்குள் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து மென்பொருளில் சுரங்க வரைபடம் போட்டதெல்லாம் சேராது. சேருகிற நாளிலேயே சுரங்கத்தின் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏறியதா, தொழிற்பயிற்சி முடித்த சான்று வாங்கியாயிற்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் சேருகிற பிள்ளைகளுக்கு இதில்தான் அடி விழும். இரண்டு வருடம் வெயிலில் நின்றிருப்பார்கள், காகிதத்தில் ஒரு நாள்கூட இருக்காது. முதலுதவிச் சான்றும், நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் என்றால் வாயு பரிசோதனைச் சான்றும் தனியாக வாங்க வேண்டும்.

நெய்வேலியையே நம்பியிருந்தால் இன்னொரு தடையும் உண்டு. அங்கே எல்லாமே திறந்தவெளிச் சுரங்கம். அந்த அனுபவத்தை மட்டும் வைத்துக் கிடைப்பது திறந்தவெளிக்கு மட்டும் செல்லும் வரையறுக்கப்பட்ட சான்று. வரையறை இல்லாத சான்று வேண்டுமானால் பூமிக்கு அடியில் வேலை பார்த்திருக்க வேண்டும். நமக்கு அருகில் அதற்கு வழி தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்கள். அதைத் தாண்டினால் வடக்கே மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாதான். அதோடு, நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அதுவும் நிலக்கரிச் சுரங்க விதிகளின் கீழ்தான் வருகிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல், சேலம் மேக்னசைட் எல்லாம் உலோகச் சுரங்க விதிகள். இரண்டுக்கும் சான்று தனித்தனி. சிமென்ட் ஆலைச் சுரங்கத்துக்குப் போக நினைத்தால் ஆரம்பத்திலேயே அந்தப் பாதையில் அனுபவம் சேர்க்க வேண்டும்.

பொண்ணுக்கு இந்த வேலை சரிப்படுமா என்பதும் உங்கள் கவலை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிக்கு விடவில்லை, இரவிலும் விடவில்லை. 2019 ஜனவரியில் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மாலை 7 முதல் காலை 6 வரையிலும், நிலத்தடியில் காலை 6 முதல் மாலை 7 வரை தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளிலும் பெண்கள் வேலை செய்யலாம் என்றது அந்த உத்தரவு. எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், ஷிஃப்டில் மூன்று பெண்களுக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. 2021ல் கோல் இந்தியாவின் சுரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு பெண் பொறியாளர் சேர்ந்தார். சட்டத்தில் வழி திறந்துவிட்டது. கழிப்பறை, தங்குமிடம், இரவு வண்டி எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். வேலை உத்தரவு வரும்போது அந்தந்தச் சுரங்கத்தில் விசாரிக்க வேண்டியவை அவை.

வேலை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிய, நெய்வேலியையே காட்டிச் சொல்லலாம். ஒரு டன் கரி எடுக்க, அதற்கு மேலே இருக்கிற சுமார் ஐந்தரை கனமீட்டர் மண்ணும் பாறையும் அள்ள வேண்டியிருக்கிறது. மேலே இருக்கிற கடலூர் மணற்பாறை கெட்டியானது. சக்கரத்தில் வாளிகள் பொருத்தித் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரத்தை நேராக விட்டால் பல் தேய்ந்து உடையும், அதனால் முதலில் துளை போட்டு வெடி வைத்துத் தளர்த்துகிறார்கள். துளைகளின் இடைவெளி கூடிவிட்டால் பெரிய கட்டிகள் தங்கி கன்வேயர் பெல்ட்டைக் கிழிக்கும். கரிக்குக் கீழே இன்னொரு தொல்லை: அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது, அதாவது 60 முதல் 80 மீட்டர் நீர்மட்ட உயரம். குழாய்க் கிணறுகளில் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பீறிடும். சுற்று ஊர்களில் கிணறு வற்றுகிறது என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் ஒரு முனை இங்கேதான் இருக்கிறது. சரிவின் விளிம்பில் விரிசல் தெரிகிறதா என்று பார்ப்பதும், பம்ப் நின்றால் யாரை முதலில் வெளியேற்றுவது என்று முடிவு செய்வதும் ஷிஃப்ட் பொறியாளரின் அன்றாடம். இதைக் கேட்டு அவள் கண் விரிந்தால் படிக்கட்டும். ‘சிஎஸ்இ கிடைக்கல, கிண்டி பேராவது கிடைக்கட்டும்’ என்பதற்காக என்றால் வேண்டாம். கிண்டியில் படித்து ஐடி வேலைக்குப் போகிறவர்கள் உண்டுதான், ஆனால் அதற்கு வேறு பிரிவு போதும்.

இடங்களைப் பற்றி: கிண்டிக்குத் தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கலந்தாய்வு, 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். ஜேஇஇ மெயின் எழுதியிருந்தால் சூரத்கல், ரூர்கேலா, ராய்ப்பூர், நாக்பூர் என்ஐடிகளில் மைனிங் இருக்கிறது. திருச்சியிலும் காரைக்காலிலும் இல்லை. அதனால் சொந்த மாநில ஒதுக்கீடு நமக்கு இதில் உதவாது, வெளிமாநிலப் பங்கில்தான் போட்டி. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறினால் தன்பாத், கரக்பூர், வாரணாசி. கோலார் தங்கவயலிலும் ஒரு கல்லூரியில் மைனிங் உண்டு, ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நீங்கள் கேட்ட பாகூர் உறவினர் பிள்ளைக்கு: புதுச்சேரி இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கு அந்த அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழி. கடலூரில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களை டிஎன்இஏ பொதுப்பிரிவில் ஏற்பது உண்டு, அந்த வருட விவரக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பளம் கேட்டிருந்தீர்கள். கோல் இந்தியாவிலும் என்எல்சியிலும் பட்டதாரிப் பயிற்சியாளரின் அடிப்படைச் சம்பளம் 50,000, படிகள் தனி. கேட் தேர்வில் மைனிங் தனித்தாள். மூன்றாம் வருடத்திலிருந்தே தயார் செய்ய வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கண் மருத்துவரிடம் போங்கள். பார்வைக் கூர்மை மட்டும் போதாது, நிறம் பிரித்தறியும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நிறக்குருடு, ஒற்றைக்கண் பார்வை உள்ளவர்களை இந்தப் பிரிவில் சேர்க்காத கல்லூரிகள் உண்டு. வேலையில் சேரும்போது மார்பு எக்ஸ்ரே, மூச்சுத் திறன், காது கேட்கும் திறன் என்று மருத்துவச் சோதனை மறுபடி நடக்கும். ஆஸ்துமா இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கண் சோதனை முடிவும் கட்ஆஃப் மதிப்பெண்ணும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், விருப்பப் பட்டியலில் மைனிங்கை எத்தனையாவதாக வைப்பது என்று சேர்ந்தே பார்க்கலாம்.